தேடினால் கிடைக்காத தீவுகள்

(தேசிய வாசிப்பு மாதத்தையொட்டி யாழ்ப்பாணத் தீவகத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒக்டோபர் மாதம் வந்தால் வாசிப்பின் பெருமையைப் பேசுவது எங்கள் வழக்கம். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு எல்லாம் நடக்கும். அவை வேண்டியவைதான். ஆனால் இன்று வாசிப்பின் பெருமையைப் பேச நான் வரவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும், சில வேளை படித்த பெரியவர்களும் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். "எல்லாம் போனிலேயே கிடக்குது, இனி நூலகம் எதற்கு?" என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இணையம் எங்களுக்குச் செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1998 ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்த இரவுகளில் பழைய இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து ஏற்றினார்கள். 2005 இல் எங்கள் இளைஞர்கள் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் என்று இன்று அதில் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. நாற்பதுகளில் வெளிவந்த 'மறுமலர்ச்சி' சஞ்சிகையை நெடுந்தீவில் இருக்கும் ஒரு மாணவி இன்று காசு கொடுக்காமல் படிக்கலாம். என் தலைமுறையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கே அது கைக்கு எட்டியதில்லை. இதைச் செய்தவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த மாணவியிடம் போன் இருக்கிறதா?

பல வீடுகளில் ஒரு போன்தான். அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது இதை எல்லோரும் கண்டோம். பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. மூன்று பிள்ளைகள் ஒரு சிறிய திரையைச் சுற்றி இருந்தார்கள். டேட்டா முடிந்தால் பாடமும் முடிந்தது. மின்சாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பிரதான மின் வலையமைப்போடு இணையாமல், ஜெனரேற்றரை நம்பியே காலம் கழித்த தீவுகள். அதற்கு வேண்டிய டீசலும் கடலால்தான் வரவேண்டும். இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு இந்தியாவோடு உடன்பாடு ஏற்பட்டது 2022 மார்ச்சில்தான். அதே ஆண்டில் நாட்டில் கடதாசி இல்லாமல் சில பத்திரிகைகள் அச்சிடுவதைக் குறைத்தன, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப் போனது. கடதாசியும் கைவிட்டது, டீசலும் கைவிட்டது. அப்படியான நாளில் ஊருக்கு நடுவே ஒரு கட்டடமும், அதற்குள் வாங்கி வைத்த நூல்களும், பகல் வெளிச்சமும் இருந்தால் பிள்ளை படிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசாங்கக் கருமங்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தது. பிறகு அஸ்வெசும நலன்புரி உதவி வந்தது. கடவுச்சீட்டு விண்ணப்பமும் இணையத்தில் வந்துவிட்டது. வயதான தாய் ஒருத்தி என்ன செய்கிறாள்? அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கொமினிக்கேசன் கடைக்குப் போகிறாள். அங்கே யாரோ ஒருவர் அவளுக்காக ஒரு மின்னஞ்சல் திறக்கிறார், கடவுச்சொல்லும் அவரே வைக்கிறார். படிவம் நிரப்பக் காசு, பிரதி எடுக்கக் காசு. தன் பெயரில் என்ன எழுதப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்ல இதை நான் சொல்லவில்லை; அவர் தன் தொழிலைச் செய்கிறார். ஆனால் இது ஒரு பொது நிறுவனம் செய்ய வேண்டிய வேலை. அறிமுகமான நூலகர் பக்கத்தில் இருந்து, எழுதியதை வாசித்துக் காட்டி, கடவுச்சொல்லை அவள் கொப்பியிலேயே எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டிய வேலை. இரண்டு கணினியும், ஒரு இணைப்பும், பொறுமையுள்ள ஒருவரும் இருந்தால் போதும். இணையம் பெருகப் பெருக அதற்குள் போகத் தெரியாதவர்களுடைய கஷ்டமும் பெருகுகிறது. நூலகத்தின் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் தீவின் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். நயினாதீவு என்று போட்டால் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் வரும். குறிகட்டுவானில் படகு எத்தனை மணிக்கு என்று வரும். நெடுந்தீவு என்று போட்டால் குதிரைகள், பெருக்கு மரம், கோட்டையின் இடிபாடு, பவளக் கல் மதில்கள் வரும். ஊர்காவற்றுறை என்றால் கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டை வரும். எல்லாம் அழகான படங்கள். காலையில் வந்து பின்னேரப் படகில் திரும்பியவர்கள் எடுத்தவை. வந்து போனவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. இருந்து வாழ்ந்தவர்கள் எழுதியது மிகக் கொஞ்சம்.

நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் எவை, அவற்றை யார் வெட்டினார்கள், எந்தக் கோடையில் எந்தக் கிணறு வற்றியது? புங்குடுதீவாரும் நயினாதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தார்களே, எந்தத் தெருவில், என்ன வியாபாரம், 1958, 1983 கலவரங்களில் அந்தக் கடைகளுக்கு என்ன நடந்தது? முதலில் எந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் படித்தார்கள்? கேட்டுப் பாருங்கள். கூகுளிடம் பதில் இல்லை. செயற்கை நுண்ணறிவு என்று இப்போது வந்திருக்கிறதே, அதனிடமும் கேளுங்கள். அதற்கும் யாரோ எழுதி ஏற்றியதுதான் தெரியும். ஏற்றாததை அது அறியாது. சில வேளை அறிந்ததுபோல் எதையாவது சொல்லியும் விடும்; அது இன்னும் ஆபத்து.

பதில் எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. ஒருவர் காலமானால் அந்தியேட்டி நாளில் நாங்கள் கல்வெட்டு என்று ஒரு நினைவு நூல் அடித்துக் கொடுக்கிறோம். தேவாரமும் இரங்கற்பாவும் மட்டுமா அதில் இருக்கின்றன? நாலு தலைமுறை வம்சாவளி இருக்கிறது. அவர் எந்த ஊரில் கடை வைத்தார், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தார், எந்த ஆண்டு இடம்பெயர்ந்தார் என்று இருக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், ஐக்கிய நாணய சங்கத்தின் கணக்குகள், சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்புகள், நாடக நோட்டீசுகள் எல்லாம் அப்படித்தான். சர்வகலாசாலைப் பேராசிரியர் எழுதும் சரித்திரத்துக்கு இவைதான் மூலம். ஆனால் இவற்றுக்கு விலை இல்லை. கடையில் கிடையாது. நூறோ இருநூறோ பிரதி அடிப்பார்கள், வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், பத்து வருடத்தில் கறையான் தின்னும். கடற்காற்றின் உப்பு கடதாசியை மஞ்சளாக்கி ஒடிய வைக்கும்.

எங்கள் தீவுகளுக்குக் கறையானை விடப் பெரிய அழிவு ஒன்று வந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகம் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்ந்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் கல்வெட்டையும் பள்ளிக்கூட மலரையும் எடுத்துக்கொண்டா ஓடுவார்கள்? கூரை போன வீடுகளில் மழை பெய்தது. புங்குடுதீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமையைப் பாடி 1995 இல் வெளியிட்ட தொகுதிக்குக் 'காற்றுவழிக் கிராமம்' என்று பெயர். அந்தத் தொகுதி அவருடைய சொந்தத் தீவின் நூலகங்களில் இருக்க வேண்டாமா? குமுதினிப் படகு இன்றும் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது. 1985 மே 15 அன்று அதில் பயணித்த பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள், அன்று தப்பியவர்கள் இன்று முதியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிந்து வைக்கும் இடம் எது? ஒரு தனி மனிதருடைய முகநூல் பக்கமா?

கரம்பொனில் 1913 ஓகஸ்ட் 2 ஆம் நாள் பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். தந்தையார் நெடுந்தீவார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் படிக்கத் தொடங்கியவர். தனிநாயகம் அடிகள். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியவர் என்று மாணவர்கள் படித்திருப்பீர்கள். அவர் செய்த இன்னொரு வேலையை நான் சொல்கிறேன். ஐரோப்பாவின் நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடித் திரிந்தார். 1554 இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபநூலைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னார். 1679 இல் மலையாளக் கரையில் அம்பலக்காட்டில் அச்சான, புரோயென்சா பாதிரியாரின் தமிழ் – போர்த்துக்கேய அகராதி எங்கே கிடைத்தது? வத்திக்கான் நூலகத்தில். அதை 1966 இல் உள்ளபடி மறுபதிப்பாக வெளியிட்டார்.

எங்கள் மொழியின் முதல் அச்சு நூல்கள் எங்கள் மண்ணில் இல்லை. அவற்றை எவனோ ஒரு நூலகக் காவலன், தனக்கு அந்த மொழி விளங்காவிட்டாலும், எறிந்துவிடாமல் எண் போட்டு அடுக்கில் வைத்தான். நூற்றாண்டுகள் கழித்து ஒரு தீவகத்துத் தமிழன் போய் எடுத்தான். நூலகம் என்றால் அதுதான். இன்று யாரும் கேட்காததையும் வைத்திருக்க வேண்டும்.

தனிநாயகம் அடிகள் 1980 செப்டெம்பர் முதலாம் நாள் காலமானார். ஒன்பது மாதங்களில், 1981 மே 31 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர் நீத்தார். கட்டடத்தைத் திருப்பிக் கட்டினோம், 2004 இல் திறந்தோம். திரும்பக் கட்ட முடியாதது, வேறெங்கும் பிரதி இல்லாமல் அங்கே மட்டும் இருந்த ஏடுகளும் சஞ்சிகைகளும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் ஓரிரவில் எல்லாம் போகும் என்பதை எங்களைவிட வேறு யார் அறிவார்? வேலணையில் ஒரு பிரதி, நெடுந்தீவில் ஒரு பிரதி, காரைநகரில் ஒரு பிரதி என்று இருந்தால் ஒரு தீ எல்லாவற்றையும் தின்னாது.

"அதுதான் இணையத்தில் ஏற்றிவிட்டால் எரியாதே" என்பீர்கள். ஏற்றத்தான் வேண்டும். ஆனால் இணையமும் அழியும். தொண்ணூறுகளில் தமிழர்கள் ஆசையோடு கட்டிய பக்கங்கள் பல ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் இருந்தன. 2009 ஒக்டோபரில் அதை நடத்திய கம்பனி மூடியது, பக்கங்களும் போயின. யாகூ குழுமங்களும் அப்படியே போயின. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை இன்றைய போனில் திறந்து பாருங்கள், ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எங்கள் மலர்களில் கன காலம் பாமினியில்தான் அடித்தோம். கோப்பு இருக்கிறது, வாசிக்க முடியாது. அச்சுப் பிரதி ஒன்று இருந்தால் பார்த்துத் திருத்தலாம். 'நூலகம்' தளத்தில் இருப்பவையும் எங்கிருந்து வந்தன? யாரோ ஒருவருடைய வீட்டிலோ, ஏதோவொரு ஊர் நூலகத்திலோ கடதாசியாகத் தப்பியிருந்த பிரதிகளிலிருந்து வந்தன. கடதாசி தப்பினால்தான் ஸ்கான் செய்ய முடியும். இணையத்தில் எங்கள் தீவு இருக்க வேண்டுமானால், தீவில் நூலகம் இருக்க வேண்டும்.

சனசமூக நிலையத்து வாசிகசாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை எங்களுக்குப் பேப்பர் வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. ஒருவர் உரத்து வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றியிருந்து உலக நடப்பைக் கேட்ட திண்ணைகள் அவை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: வாசிகசாலைகளும் பகுதி பகுதியாக, சாதி சாதியாகப் பிரிந்திருந்தன. இந்தப் பக்கத்தார் அங்கே போவதில்லை, அந்தப் பக்கத்தார் இங்கே வருவதில்லை. 1971 இல் புங்குடுதீவில் எல்லாச் சாதியினருக்கும் குடிதண்ணீர் கிடைக்க வேண்டும் என்று நின்றதற்காகப் பொலிசாரிடம் அடிபட்டவர் எழுத்தாளர் மு. தளையசிங்கம். 1973 இல், நாற்பது வயதைக் காணாமலே மறைந்தார். தண்ணீருக்கே அந்தப் பாடு என்றால் புத்தகத்துக்கு எப்படி இருந்திருக்கும்? பிரதேச சபையின் பொது நூலகம் அந்த விதத்தில் பெரிய காரியம். வரியிறுப்போர் பணத்தில் நடக்கும் அந்த வாசலில் நீ யாருடைய பிள்ளை என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. ஒரே மேசையில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அருகருகே இருந்து படிக்கும் இடங்கள் ஊரில் எத்தனை உண்டு? பள்ளிக்கூடத்தை விட்டால் நூலகம்தான். போன் அந்த வேலையைச் செய்யாது.

எங்கள் கஷ்டம் கடல். அனலைதீவாரும் எழுவைதீவாரும் நூலகத்துக்காகப் படகேறி வருவார்களா? நூல்தான் அவர்களிடம் போக வேண்டும். இது புதிய யோசனை இல்லை. 1931 இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூலகம் வைத்தார். அதைத் தொடக்கி வைத்தவர் எஸ். ஆர். அரங்கநாதன். அதே அரங்கநாதன்தான் ஐம்பதுகளில் யாழ்ப்பாணம் வந்து எங்கள் பொது நூலகத்தை எப்படி அமைக்க வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர். அந்தக் கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. அதே 1959 இல் நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு நூலகக் கப்பல் சேவை தொடங்கியது. பின்னர் 'எப்போஸ்' என்ற கப்பல் ஏறத்தாழ 6,000 நூல்களோடு தீவுகளுக்கும் வீதி போகாத கடலோரக் கிராமங்களுக்கும் போய்வந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லி ஆடிப்பாடுபவர்களையும் ஏற்றிச் சென்றது. இந்தச் சேவை ஏறத்தாழ அறுபது ஆண்டு நடந்து 2020 இல், பணம் ஒதுக்காமல் விட்டதால் நின்றது. எங்களுக்குக் கப்பல் வேண்டாம். தினமும் போகும் பயணிகள் படகில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, ஐம்பது நூல், மாதத்துக்கு ஒருமுறை மாற்றம். இறங்குதுறையில் பொறுப்பெடுக்க ஒரு ஆசிரியர். இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. பிரதேச சபைச் சட்டம் நூலகம் நடத்தும் பொறுப்பை 1987 இலேயே சபைகளின் கையில் கொடுத்துவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் அன்போடு பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்று. உங்கள் வீட்டில் மேலதிகமாக இருப்பதை அனுப்ப வேண்டாம். நூலகரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். பிள்ளைகள் கேட்பது உயர்தரப் பாட நூலாக இருக்கும், ஆங்கிலக் கதைப் புத்தகமாக இருக்கும். அதற்குக் காசு அனுப்புங்கள். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைத்துக் காசு கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். ஸ்கானருக்கும், பின்னேரம் ஏழு மணிவரை கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒருவரின் சம்பளத்துக்கும் கொடுப்பவர்தான் இல்லை.

பிரதேச சபைத் தவிசாளர்களிடமும் உறுப்பினர்களிடமும் கேட்பது: நூலகத்தில் 'ஊர்ப் பகுதி' என்று ஒரு அலுமாரி ஒதுக்குங்கள். உங்கள் எல்லைக்குள் அச்சாகும் ஒவ்வொரு மலருக்கும் இரண்டு பிரதி அங்கே வரவேண்டும் என்று தீர்மானம் எடுங்கள். ஒன்று வைப்பதற்கு, ஒன்று ஸ்கான் செய்ய அனுப்புவதற்கு.

யாழ்ப்பாணப் பொது நூலகம் தொடங்கியது பெரிய கட்டடத்தில் அல்ல. 1933 இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமானது. உங்கள் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது 844 அல்ல. வீட்டில் உள்ள கல்வெட்டு, மலர், பழைய கடிதம், படம் எதுவானாலும் ஒன்றை எடுங்கள். அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் பின்புறத்தில் எழுதுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, பதிவேட்டில் எழுதுவித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.